பரணில் கிடக்கும் நிரல்: மென்பொருள் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன: பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில், எல்லோருக்கும் பொதுவான நிரலை எங்கே வைப்பது, அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதே அது. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: ஆறு பேர் கொண்ட எங்கள் நிறுவனத்தில் ஜாவாவில் மூன்று மென்பொருள்களை எழுதிப் பராமரிக்கிறோம்: கடை பில்லிங், கிடங்கு இருப்பு, மாதக் கணக்கு. மூன்றும் தனித்தனி கிட் களஞ்சியங்களில் (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் இடங்களில்) உள்ளன. வரி கணக்கிடுவதற்கும் பைசாவைச் சரிக்கட்டுவதற்கும் பில்லிங்கில் எழுதிய நிரலையே மற்ற இரண்டிலும் நகலெடுத்து ஒட்டினோம். இப்போது பில்லில் வரும் வரியும் மாதக் கணக்கில் வரும் வரியும் சில பைசாக்கள் வேறுபடுகின்றன. பொது நிரலை ஓரிடத்தில் வைத்து மூன்றும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி? நிரலைக் கட்டித்தரும் கருவியாக மேவன்தான் பயன்படுத்துகிறோம்.

பதில்: பைசாவிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அங்கேதான் இருக்கிறது. ரூ.10.30 விலையுள்ள மூன்று பொருள்கள் ஒரு பில்லில் இருப்பதாகவும், வரி 5 விழுக்காடு என்றும், மத்திய மாநிலப் பங்குகளைப் பிரிக்காமல் மொத்த வரியாகவே பார்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசைக்கும் வரி 51.5 பைசா, அதை அங்கேயே முழுமையாக்கினால் 52 பைசா, மூன்றுக்கும் சேர்த்து ரூ.1.56. மாறாக, மூன்றின் விலையையும் முதலில் கூட்டி ரூ.30.90-க்கு வரி கண்டால் ரூ.1.545 வருகிறது, முழுமையாக்கினால் ரூ.1.55. இரண்டுமே கணக்கின்படி சரிதான், ஆனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாகச் சொல்லக் கூடாது. உங்கள் நகல்களில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: ஒட்டிய பிறகு யாரோ ஒருவர் ஒரு நகலில் மட்டும் முழுமையாக்கும் இடத்தை மாற்றியிருப்பார். இன்னொன்றையும் பாருங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று பணத்தை ‘டபுள்’ வகையில் (பின்ன எண்ணை இரும எண்முறையில் சேமிக்கும் வகையில்) வைத்திருக்கிறதா? இரும எண்முறையில் 0.1 என்ற எண்ணைக்கூடத் துல்லியமாக எழுத முடியாது என்பதால், பணத்துக்குத் தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் ‘பிக்டெசிமல்’ வகையையோ பைசாவில் எண்ணும் முழு எண்ணையோதான் பயன்படுத்த வேண்டும்.

ஆக, நீங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியது ‘எங்கே முழுமையாக்குவது’ என்ற ஒரு முடிவை. அந்த முடிவைத் தாங்கியிருப்பதால்தான் முழுமையாக்கும் அந்தச் சிறு நிரல் பொதுவாக இருக்க வேண்டியதாகிறது. கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நிரலை மாட்யூல்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரிக்கும்போது வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காமல், பின்னாளில் மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொன்றாக ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவைக்கும்படி பிரிக்க வேண்டும் என்று வாதிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும், என் அனுபவத்தில் இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

இனி அமைப்புக்கு வருவோம். ஆறு பேருக்கு மூன்று களஞ்சியங்கள் தேவையில்லை, ஒன்றே போதும். அதன் மேல்மட்டத்தில் ஒரு தாய் பி.ஓ.எம். கோப்பு (எதை எப்படிக் கட்டுவது என்று மேவனுக்குச் சொல்லும் கோப்பு) இருக்கட்டும். அதன் ‘மாட்யூல்ஸ்’ பகுதியில் ஐந்து பெயர்களை எழுதுங்கள்: பணம், வரி, பில்லிங், கிடங்கு, கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறையும் தனி பி.ஓ.எம். கோப்பும் உண்டு. வெளியிலிருந்து எடுக்கும் நூலகங்களின் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்களின்) பதிப்பு எண்கள் அனைத்தையும் தாய்க் கோப்பின் ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதியில் ஒரே முறை எழுதிவிட்டு, மாட்யூல்களில் நூலகத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். பதிப்பு எண்ணை அங்கே எழுதவே கூடாது. ஒருவர் தம் மாட்யூலில் மட்டும் புதிய பதிப்புக்குத் தாவி மற்றவர்களைத் தவிக்கவிடுவது இதனால் பெரும்பாலும் நின்றுபோகும்.

சார்பு, அதாவது ஒரு மாட்யூல் இன்னொன்றைப் பயன்படுத்துவது, ஒரே திசையில்தான் ஓட வேண்டும். பில்லிங் வரியைச் சார்ந்திருக்கலாம், வரி பணத்தைச் சார்ந்திருக்கலாம், பணம் எதையும் சார்ந்திருக்கக் கூடாது. பணம் என்ற மாட்யூலின் பி.ஓ.எம். கோப்பில் சோதனை நூலகத்தைத் தவிர வேறு எந்தச் சார்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்போ தரவுத்தள இணைப்போ அங்கே நுழைந்த நாளில் அது பணத்தைப் பற்றிய மாட்யூலாக இருப்பது முடிந்துவிடும். திசை தவறி வட்டம் உருவானால் மேவன் பில்டை (மென்பொருளைக் கட்டும் வேலையை) தொடங்கவே மறுத்துவிடும். அப்போது எரிச்சல்படாதீர்கள், அந்த மறுப்பு உங்களுக்குச் செய்யும் உதவி. எடுத்துக்காட்டாக, வரி மாட்யூலுக்குப் பொருளின் வகை தெரிய வேண்டும், அந்தத் தகவல் கிடங்கில் இருக்கிறது, கிடங்கோ ஏற்கெனவே வரியைப் பயன்படுத்துகிறது என்றால், ‘பொருளின் வகையைச் சொல்’ என்ற இன்டர்ஃபேஸை (என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பை) மட்டும் வரி மாட்யூலில் வைத்துவிட்டு, அதை நிறைவேற்றும் கிளாஸைக் கிடங்கில் எழுதுங்கள். வட்டம் அவிழ்ந்துவிடும்.

மாட்யூல்கள் பெருகினால் பில்டு தாமதமாகுமே என்ற கவலை வரும். மேவனின் கட்டளையில் ‘பி.எல்.’ என்ற குறியோடு ஒரு மாட்யூலின் பெயரையும், கூடவே ‘ஏ.எம்.’ என்ற குறியையும் கொடுத்தால், அந்த மாட்யூலையும் அது சார்ந்திருப்பவற்றையும் மட்டும் சரியான வரிசையில் கட்டித்தரும். கிடங்கில் வேலை செய்பவர் பில்லிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நான் மேலே எழுதிய ஐந்து பெயர்களில் ‘காமன்’ என்றோ ‘யூட்டில்’ என்றோ ஒன்றில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அப்படி ஒரு பெயர் வைத்தால், எங்கே வைப்பதென்று தெரியாத எல்லாமும் அங்கே போய்ச் சேரும். வீட்டில் பரண் இருப்பது போலத்தான்: உடைந்த மின்விசிறியும் உபயோகத்தில் உள்ள கொலுப் படிகளும் ஒன்றாகக் கிடக்கும், எதை எடுத்தாலும் இன்னொன்று சரியும். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் அத்தகைய மாட்யூலில் தேதியை அச்சிடும் ஒரு கிளாஸும், பி.டி.எஃப். தயாரிக்கும் நூலகமும், மின்னஞ்சல் அனுப்பும் நிரலும் சேர்ந்திருந்தன. தேதி மட்டும் வேண்டும் என்று போனவரின் மென்பொருளுக்குள் பி.டி.எஃப். நூலகமும் அதன் பின்னால் வரும் பரிவாரமும் குடியேறின. உங்களிடமும் தேதியை அச்சிடும் நிரல் மூன்று நகல்களாக இருந்தால், அதை வைக்கப் பொருத்தமான வீடு கிடைக்கும்வரை அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் ஒரே வார இறுதியில் செய்துவிட முயல வேண்டாம். முதலில் மூன்று களஞ்சியங்களையும் ‘கிட் சப்ட்ரீ’ கட்டளையால் பழைய வரலாறு போகாமல் ஒன்றுக்குள் கொண்டுவாருங்கள். எதையும் பகிராமலேயே மூன்றும் ஒன்றாகக் கட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். பிறகு பணத்தைப் பிரித்தெடுங்கள், அதன் பிறகே வரியை. வரியைப் பிரிக்கும்போது மேலே சொன்ன ரூ.10.30 கணக்கை அந்த மாட்யூலின் முதல் சோதனையாக எழுதிவைத்து, உங்கள் கணக்காளரிடம் எந்த விடை வேண்டும் என்று கேட்டு அதை நிலைநிறுத்துங்கள். சென்ற மாதத்துப் பில்கள் அனைத்தையும் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி ஒப்பிட்டுவிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்த பின்னரே பழையதை அழியுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் நிறுவனத்தில் நான்கு குழுக்கள், நான்கு களஞ்சியங்கள். பொது நிரல் ஐந்தாவது களஞ்சியத்தில் இருக்கிறது. அதை ஜார் கோப்பாக (கட்டிய ஜாவா நிரலின் பொதியாக), அத்தகைய கோப்புகளைச் சேமித்துத் தரும் எங்கள் நெக்சஸ் சர்வரில் வெளியிடுகிறோம். பதிப்பு எண்ணின் முடிவில் ‘ஸ்னாப்ஷாட்’ என்று போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஓடிய பில்டு, யாரும் எதையும் மாற்றாதபோதும், திங்கட்கிழமை உடைகிறது; அதுவும் என் கணினியில் உடைகிறது, பக்கத்து இருக்கைக்காரரின் கணினியில் ஓடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் மாற்றவில்லை, ஐந்தாவது களஞ்சியத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் என்பது ‘இன்னும் முடியாதது, எந்த நேரமும் மாறலாம்’ என்பதற்கான குறி. அதே பெயரில் புதிய ஜாரை எத்தனை முறை வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம். மேவன் வழக்கமாக நாளுக்கு ஒரு முறைதான் புதிய ஸ்னாப்ஷாட் வந்திருக்கிறதா என்று சர்வரில் விசாரிக்கும். அதுவரை கணினியில் ஏற்கெனவே இறக்கிவைத்ததையே பயன்படுத்தும். ஆகவே காலையில் விசாரித்த உங்கள் கணினியிலும், வேறு நேரத்தில் விசாரித்த பக்கத்து இருக்கைக் கணினியிலும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஜார்கள் இருக்க வாய்ப்புண்டு. கட்டளையில் பெரிய ‘யூ’ குறியைச் சேர்த்தால் உடனே விசாரிக்கச் சொல்லலாம். இன்றைய சண்டை தீரும், அவ்வளவுதான்.

பொது நிரலைத் தனிக் களஞ்சியத்தில்தான் வைத்திருப்போம் என்றால், மற்றக் குழுக்கள் ஒருபோதும் ஸ்னாப்ஷாட்டைச் சார்ந்திருக்கக் கூடாது. வெளியிட்ட பதிப்பு வெளியிட்டதுதான்; 2.3.0 என்று ஒன்றைக் கொடுத்த பிறகு அதே எண்ணில் வேறொன்றை ஏற்றக் கூடாது, நெக்சஸிலேயே அதைத் தடுக்கவும் முடியும். மூன்று எண்களுக்கும் பொருள் உண்டு: பயன்படுத்துவோரின் நிரல் உடையுமென்றால் முதல் எண் ஏற வேண்டும், உடையாமல் புதிய வசதி சேர்ந்தால் இரண்டாவது, பிழைதிருத்தம் மட்டுமென்றால் மூன்றாவது. இந்த ஒழுங்கை மீறி, ஒரு மெத்தடின் (நிரலில் பெயர் சொல்லி அழைக்கும் செயலின்) பெயரை மாற்றிவிட்டு மூன்றாவது எண்ணை மட்டும் ஏற்றுபவர்தான் குழுக்களுக்கிடையே பகையை வளர்ப்பவர்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மென்பொருள் பொது ஜாரின் 2.3.0 பதிப்பைக் கேட்கிறது. நீங்கள் பயன்படுத்தும் இன்னொரு குழுவின் ஜார் அதே பொது ஜாரின் 3.0.0 பதிப்பைக் கேட்கிறது. ஓடும்போது இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால், சார்பு மரத்தில் உங்களுக்கு அருகில் இருப்பதை மேவன் தேர்ந்தெடுக்கும். புதியது எது என்று பார்க்காது. ஆகவே 2.3.0 வென்றுவிடும், கம்பைலும் ஆகும். பிறகு, அந்த இன்னொரு ஜார் 3.0.0-இல் மட்டும் உள்ள மெத்தடை அழைக்கும்போது, வாடிக்கையாளரின் கண்முன்னே ‘அப்படி ஒரு மெத்தட் இல்லை’ என்ற பிழையோடு நின்றுவிடும். மேவனின் ‘டிபென்டென்சி ட்ரீ’ கட்டளையை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உங்கள் நான்கு குழுக்களுக்கும் வர வேண்டும்.

நான்கு குழுக்களும் ஒரே கட்டடத்தில், ஒரே நாளில் மென்பொருளை வெளியிடுபவர்கள் என்றால், ஐந்தையும் ஒரே களஞ்சியத்தில் சேர்ப்பதே என் பரிந்துரை. பெரிய நிறுவனத்துக்கு அது ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அங்கே ஏறத்தாழ 200 கோடி வரி நிரல் ஒரே களஞ்சியத்தில் இருந்தது. அதைத் தாங்குவதற்கென்றே அவர்கள் கருவிகளைத் தனியாகக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. நான்கு குழுக்களுக்கு அவையெல்லாம் தேவைப்படாது. சாதாரண கிட் போதும். மாறாக, ஒரு குழு வாரந்தோறும் வெளியிடுகிறது, இன்னொன்று வாடிக்கையாளரின் சர்வரில் ஆண்டுக்கொரு முறை நிறுவுகிறது என்றால், பதிப்பு எண் போட்ட ஜாரே உங்களுக்கு ஏற்றது.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: பொது நிரலுக்கு ‘கிட் சப்மாட்யூல்’ பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், நான் பயன்படுத்துவதில்லை. சப்மாட்யூல் என்பது வேறொரு களஞ்சியத்தின் குறிப்பிட்ட ஒரு கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) சுட்டும் குறிப்பு மட்டுமே. உள்ளே போய் நிரலை மாற்றிக் கமிட் செய்தவர் அதைப் புஷ் செய்ய (பொதுச் சர்வருக்கு அனுப்ப) மறந்துவிட்டு, வெளியே உள்ள குறிப்பை மட்டும் புஷ் செய்தால், மற்ற எல்லோருக்கும் இல்லாத ஒன்றைச் சுட்டும் குறிப்பு கிடைக்கும். குழுவுக்குப் புதிதாக வந்தவர் முதல் நாளே இதில்தான் சிக்குவார். மாற்றாமல் வாசிக்க மட்டுமே வைத்திருக்கும் வெளியார் நிரலுக்கு அது பொருந்தும்; நாள்தோறும் நீங்களே மாற்றும் பொது நிரலுக்குப் பொருந்தாது.

கோவையிலிருந்து ஒரு குழுத்தலைவர்: நீங்கள் முன்பு எழுதிய ஒரு பதிலைப் பின்பற்றி எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து மாட்யூல்களாகப் பிரித்தோம். ஆனாலும் பொது மாட்யூலை யார் வேண்டுமானாலும் தம் தேவைக்கு மாற்றுகிறார்கள். வேறு யாருடைய நிரலாவது உடைகிறது. ‘இது எல்லோருக்கும் பொது, நான் ஏன் சரிசெய்ய வேண்டும்?’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கோப்புறையைப் பிரித்தீர்கள், பொறுப்பைப் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான கிணற்றை யார் தூர்வாருவது என்ற பழைய கதைதான் இது. பொது மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் இருவரின் பெயரை எழுதிவையுங்கள். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இருக்க வேண்டும் என்பதற்காகவே இருவர். கிட் களஞ்சியங்களை வைக்கும் தளங்களான கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் ‘கோட்-ஓனர்ஸ்’ என்ற கோப்பு உண்டு. எந்தக் கோப்புறைக்கு யார் பொறுப்பு என்பதை அதில் எழுதி, கிளைப் பாதுகாப்பு விதியையும் அமைத்துவிட்டால், அவர்களின் ஒப்புதலின்றி அந்தக் கோப்புறையில் மாற்றம் பிரதான கிளைக்குள் போக முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற கோப்பு, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

கெர்னலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு வழக்கமும் உண்டு. அங்கே உள்ளுக்குள் பயன்படும் ஒரு ஃபங்ஷனை மாற்றுபவர், கெர்னலுக்குள் அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தாமே திருத்தித் தர வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் குழுவிலும் இதை விதியாக்குங்கள்: பொது மாட்யூலை மாற்றுகிறவர், அதே மாற்றத்திலேயே எல்லா மாட்யூல்களையும் கட்டி, சோதனைகள் அனைத்தும் தேறுவதைக் காட்ட வேண்டும். ஒரே களஞ்சியத்தில் இருப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ‘நான் ஏன்?’ என்று கேட்பவருக்கு, உடைத்தது யார் என்பதைப் பில்டே சொல்லிவிடும். அதற்கு ஈடாக, பொது மாட்யூலைப் பயன்படுத்தும் குழுக்களுக்கும் ஒரு கடமை உண்டு: தாங்கள் எதை நம்பியிருக்கிறோம் என்பதைச் சோதனையாக எழுதிவைக்க வேண்டும். சோதனை எழுதாத குழு, பிறகு உடைந்துவிட்டது என்று சண்டைக்கு வரக் கூடாது.

மாட்யூல்களின் எல்லை உங்கள் குழுக்களின் எல்லையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் சாயலிலேயே அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். மூன்று குழுக்கள் நாள்தோறும் ஒரே மாட்யூலில் கைவைக்கின்றன என்றால், அது உண்மையில் மூன்று மாட்யூல்களாக இருக்க வேண்டியது. அல்லது அந்த மூன்று குழுக்கள் ஒரே குழுவாக இருக்க வேண்டும். இரண்டாவதைச் சொன்னால் மேலதிகாரிகள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஒரே நிரலை இரண்டு இடங்களில் எழுதுவது எப்போதுமே தவறு என்று கற்பிக்கிறார்கள். நீங்களோ சில நிரல்கள் நகல்களாகவே இருக்கட்டும் என்று முந்தைய இதழ்களில் எழுதியிருக்கிறீர்கள். நகல் சரியா, தவறா?

பதில்: இன்று ஒன்றுபோலத் தோன்றுபவை நாளை ஒன்றாகவே மாறுமா என்று கேளுங்கள். வரியை முழுமையாக்கும் விதி மாறினால் பில்லிங்கிலும் மாதக் கணக்கிலும் அதே நாளில் மாறியாக வேண்டும். ஆகவே அது ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் ‘வாடிக்கையாளர்’ என்ற கிளாஸைப் பாருங்கள். பில்லிங்குக்கு அவர் ஒரு பெயரும் கைப்பேசி எண்ணும். கணக்குப் பிரிவுக்கு அவர் ஒரு ஜி.எஸ்.டி. எண்ணும் நிலுவைத் தொகையும். விநியோகத்துக்கு அவர் ஒரு முகவரியும் வீட்டு அடையாளமும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மூன்றையும் ஒரே கிளாஸாக்கிப் பொது மாட்யூலில் வைத்தால், நாற்பது புலங்களோடு அது வீங்கும், எந்தப் புலம் யாருக்குக் கட்டாயம் என்பது யாருக்கும் தெரியாது. அங்கே மூன்று சிறிய கிளாஸ்களை எழுதுவதே முறை.

பொது நிரலை எடுத்து ஆள்வதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு மென்பொருள் வரலாற்றில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், தன் முதல் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4-லிருந்து எடுக்கப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட அதிகம்; அந்த வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும்போது அது கொள்ளவில்லை. இதில் என்னை எப்போதும் உறுத்துவது என்னவென்றால், பிழை நேர்ந்த அந்தப் பகுதி, ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே படாத வேலையைச் செய்துகொண்டிருந்தது. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்ததால் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். பழைய இடத்தில் அந்த நிரல் எந்த எல்லைகளை நம்பி எழுதப்பட்டது என்பது அதன் கூடவே புதிய இடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் இறுதியாண்டுப் புராஜெக்டில் நண்பரின் மாட்யூலை எடுத்துப் பயன்படுத்தும்போது, அது என்ன உள்ளீட்டை ஏற்கும், எதை ஏற்காது என்பதை இரண்டு வரி குறிப்பாகவும் நான்கு சோதனைகளாகவும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எழுதித் தர மறுத்தால், நகலெடுத்து உங்கள் கோப்புறையில் வைத்து, புரிந்துகொண்டு, நீங்களே பராமரியுங்கள்.